பதினாறாவது அத்தியாயம்

…எழுநூறு பக்கம் சார்! எழுநூறு! மொதல் பக்கத்துல மழை ஆரம்பிக்குது, கதாநாயகன் ஜன்னலோரம் வந்து நிக்கறான். தொண்ணூறாம் பக்கத்துல போய்ப் பாக்கறேன், இன்னும் அங்கயேதான் நிக்கறான். கால் வலிக்காதா அந்த மனுஷனுக்கு? வாய நல்லா தொறங்க… இன்னும் கொஞ்சம்… ஆங், அவ்ளோதான். ஊசி லேசா சுருக்குன்னு இருக்கும். முடிஞ்சுது, முடிஞ்சுது. மரத்துப்போக ஒரு அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறோம்?

என்ன கேக்க வந்தேன்… ஆங், நீங்க வெளிய ஒரு நாவல் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்கல்ல, அந்தப் பச்சை அட்டை? அத நான் போன மாசமே படிச்சுட்டேன். கொலை பண்ணது யாருன்னு சொல்லமாட்டேன், பயப்படாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், அதுல துப்பறியறவருக்கு சாயங்காலம் கடவாப்பல்ல புடுங்கறாங்க, ராத்திரியே உக்காந்து ஆப்பிளக் கடிக்கறாரு! என்ன அநியாயம்! எழுதறதுக்கு முன்னாடி ஒரு பல் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டா கொறைஞ்சா போயிடுவாங்க? நான் அந்தப் பக்கத்துலயே புத்தகத்த மூடிட்டேன்… மூடிட்டு, கடைசிப் பக்கத்தத் தொறந்து யாருன்னு பாத்துட்டேன். சே, அந்த ஆளான்னு ஆயிடுச்சு.

இல்ல இல்ல, சொல்லல. கைய கீழ வைங்க.

இந்தத் தன்வரலாறு எழுதறவங்க இருக்காங்களே, அவங்க இன்னும் மோசம். கப்பல் கேப்டன் ஒருத்தரோடது படிச்சேன். புயல் வந்தா பதினஞ்சு பக்கம், இன்ஜின் நின்னா இருபது பக்கம். கல்யாணம்? "அந்த ஆண்டு எனக்குத் திருமணமும் ஆனது." உம்! 'உம்' போட்டு எழுதியிருக்காரு சார்! ஏதோ ஜலதோஷமும் புடிச்சுதுங்கற மாதிரி. அந்தம்மா அதப் படிச்சாங்களோ இல்லியோ. படிச்சிருந்தா அந்தக் கேப்டனுக்கு எந்தப் புயலும் கணக்கே இல்ல.

ஒதட்டத் தொட்டுப் பாக்கறேன். தெரியுதா? ம்ம், இன்னும் முழுசா மரக்கல. பரவால்ல.

அதெல்லாம் யாரோ எழுதினது, போகட்டும்னு விட்டுரலாம். எங்க வீட்டுலயே ஒண்ணு நடந்துச்சு பாருங்க. எங்க நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. முப்பத்திரண்டு வருஷம் பூகோள டீச்சர். ரிடையர் ஆகி சும்மா இருக்க முடியாம வாழ்க்கையப் புத்தகமா எழுதிட்டாங்க. பள்ளிக்கூட ஹால்ல வெளியீடு. முன் வரிசையில நான், புதுப் புடவை கட்டிக்கிட்டு. வீட்டுக்கு வந்து கைகால் கூடக் கழுவல, புத்தகத்தப் பிரிச்சு என் பேரத் தேடறேன். தேடறேன், தேடறேன்… எரநூத்தி ஒம்போதாம் பக்கத்துல கெடைச்சுது. என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா?

"என் தம்பி மனைவி பல் மருத்துவர். நல்லவள்."

அவ்ளோதான் சார்! முற்றுப்புள்ளி! இருபத்தாறு வருஷமா அந்தக் குடும்பத்துல இருக்கேன். அவங்க பல்லு அத்தனையும் என் கை வேலை. எனக்கு ரெண்டு வரி. அவங்க வளத்த நாய்க்கு எத்தனை பக்கம்னு நெனைக்கறீங்க? பதினாலு! நான் எண்ணினேன். நாய் தூங்கறதுக்கே ஒண்ணரைப் பக்கம்.

வாயத் தொறங்க, ஆரம்பிச்சுடலாம். சத்தம் மட்டுந்தான், வலிக்காது. வலிச்சா கைய ஒசத்துங்க…

…என்ன, வலிக்குதா? சந்தேகமா? ஆங், சந்தேகந்தானே. சும்மா கைய ஒசத்தாதீங்க, எனக்குப் பக்குனு ஆகுது.

மூணு வாரம் அவங்க வீட்டுப் பக்கமே போகல. போன் வந்தா, "அவ பேஷன்ட் பாக்கறா"ன்னு வீட்டுக்காரர் சொல்லணும். ஞாயித்துக்கிழமை எந்த பேஷன்ட்டுன்னு அவங்க கேட்டா, அதுக்கும் அவரே பதில் சொல்லணும். பாவம், ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல மனுஷன் மெலிஞ்சே போயிட்டாரு. ஒருநாள் பொறுக்க முடியாம, அக்கா வீட்டுக்குப் போய் ஒரு காக்கிக் கவர் வாங்கிட்டு வந்து என் முன்னாடி டொப்புனு போட்டாரு.

"பதினாறாவது அத்தியாயம். முழுக்க முழுக்க உன்னைப் பத்தி. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்தாச்சு."

"ஏன் எடுத்தாங்க?"ன்னு கத்தறேன் நான்.

"நீதானே எடுக்கச் சொன்னே?"

துப்பிக்கோங்க. அந்தக் கிண்ணத்துல. நல்லா கொப்புளிங்க.

என்னை அப்படிப் பாக்காதீங்க சார். நடந்தத சொல்றேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நாத்தனார் கைப்பிரதிய எங்கிட்ட குடுத்தாங்க. "நீ நெறைய படிக்கறவ, ஒளிவு மறைவில்லாம அபிப்பிராயம் சொல்லு"ன்னு. நானும் பெருமையா வாங்கி பீரோ மேல வெச்சேன். வெச்சேனா… அங்கயே இருந்துச்சு. அப்ப ஒரு துப்பறியும் நாவல் வரிசை படிச்சிட்டிருந்தேன், எட்டு பாகம். ஆறாவது பாகத்துல கொலைகாரன மாடிப்படியில மடக்கிட்டாங்க, இன்னும் அஞ்சே பக்கம், அந்த நேரம் பாத்து போன். "படிச்சியா? எப்படி இருக்கு?"

நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க?

"பிரமாதம்க்கா"ன்னேன். அதோட வெச்சிருக்கலாம். படிக்காம சொல்றோம்னு கண்டுபுடிச்சுடுவாங்களோன்னு பயம். ஏதாவது ஒரு கொறை சொன்னா நம்புவாங்கல்ல? அன்னிக்குக் காலையில ஒருத்தருக்குப் பதினாறாம் நம்பர் பல்லப் புடுங்கியிருந்தேன். மேல, வலது பக்கம், பெரிய கடவாப்பல்லு. அந்த நம்பர் வாயில வந்துடுச்சு. "பதினாறாவது அத்தியாயம் மட்டும் தொய்வா இருக்குக்கா. எடுத்துட்டா நல்லாருக்கும்."

"சரி, எடுத்துடறேன்"னாங்க. நான் திரும்பி மாடிப்படிக்கு வந்துட்டேன்.

தொறங்க… ம்ம்… பஞ்சு வெக்கறேன், நாக்க நகத்துங்க. என்ன நாக்கு சார் இது, ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது!

அந்தக் கவரப் பிரிச்சுப் படிச்சேன். ஒம்போது வருஷம் முன்னாடி அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன். நாப்பது நாள் பேசக்கூடாதுன்னுட்டாங்க. நான் தெனம் கிளினிக் மூடிட்டுப் போய் அவங்க கட்டில் பக்கத்துல உக்காந்து நாவல் படிச்சுக் காட்டுவேன். அதத்தான் எழுதியிருக்காங்க. ஆனா எனக்குப் பொறுமை ஏது? வர்ணனை வந்தா தாண்டிடுவேன். சோகம் வந்தா தாண்டிடுவேன். ஒரு கதையில கதாநாயகி செத்துப் போறா… ஆபரேஷன் ஆனவங்ககிட்ட அதப் படிக்க மனசு வரல, பொழைச்சு எழுந்துட்டான்னு நானே சொல்லிட்டேன். அவங்களுக்குத் தெரியாதுன்னே நெனைச்சிட்டிருந்தேன், ஒம்போது வருஷமா.

கடைசி வரி எனக்கு மனப்பாடம். "குணமான பிறகு அந்த நாவல்களையெல்லாம் வாங்கிப் படித்தேன். அவள் சொன்ன கதைகளே நன்றாக இருந்தன."

…இல்ல, ஒண்ணுமில்ல. இந்த லைட்டு. கண்ணுல நேரா அடிக்குது.

ஒடனே போன் போட்டேன். "அக்கா, மன்னிச்சுடுங்க, நான் படிக்கவே இல்ல, வாய்க்கு வந்த நம்பரச் சொல்லிட்டேன்"னேன். அழுவாங்கன்னு பாத்தா சிரிக்கறாங்க! "தெரியும்டி. கைப்பிரதிக் கட்டுல நூல் சுத்தி ரெட்டை முடிச்சு போட்டுக் குடுத்தேன், அதே முடிச்சோட திரும்பி வந்துச்சு. முப்பத்திரண்டு வருஷம் வீட்டுப்பாடம் பாத்தவகிட்ட வெச்சுக்கறியா? வேணும்னேதான் எடுத்தேன். எத்தனை நாள்ல நீ கண்டுபுடிக்கறேன்னு பாக்கலாம்னு."

டீச்சர் புத்தி பாத்தீங்களா? அந்த 'நல்லவள்' கூட அதுக்கப்புறம் சேத்ததாம்!

அடுத்த பதிப்புல பதினாறு திரும்ப வரும், ஆனா நான் மொதல்ல முழுப் புத்தகத்தையும் படிச்சுட்டு வந்து நேருக்கு நேரா அபிப்பிராயம் சொல்லணும்னாங்க. படிச்சேன் சார். ஒரு வரி தாண்டல. சும்மா சொல்லக்கூடாது, நல்லா எழுதியிருக்காங்க. அதான் எனக்கு எரிச்சலே. அந்த நாய் தூங்கற ஒண்ணரைப் பக்கம் இருக்கே, அப்படி ஒரு எழுத்து! அந்தக் கேப்டன் கப்பல் கப்பலா ஓட்டி என்ன பிரயோஜனம்?

போன ஞாயித்துக்கிழமை போனேன். கூடத்துல நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, சிவப்புப் பேனாவோட உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "பதினாறு தொய்வா இருக்கா?"

இனிமே பொய் சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுப் போயிருந்தேன் சார். "பிரமாதம்க்கா, ஆனா நடுவுல ஒரு ரெண்டு பாரா தொய்வுதான்"னேன்.

பேனாவ மூடிட்டாங்க. எழுந்து உள்ள போயிட்டாங்க. நாலு நாளாச்சு, போன் எடுக்கல! படிக்காம பொய் சொன்னப்ப சிரிச்சாங்க, வரிவரியாப் படிச்சுட்டு உண்மையச் சொன்னா கதவச் சாத்தறாங்க. இதுல யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. இருங்க, பஞ்ச எடுத்துடறேன். பல்லக் கடிச்சுப் பாருங்க. ஒசரமா இருக்கா? சரியா இருக்கா? ஆச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் மெல்லாதீங்க.

எந்த ரெண்டு பாராவா? நீங்களே கேளுங்க, நியாயத்தச் சொல்லுங்க. "என் தம்பி மனைவி மிகக் குறைவாகப் பேசுபவள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அந்த அமைதிதான்"னு ஆரம்பிச்சு, முழுசா ரெண்டு பாரா! கிண்டலா, நெசமாவே அப்படி நெனைக்கறாங்களான்னு எனக்கு இன்னும் வெளங்கல…

சார்? எதுக்கு சார் சிரிக்கறீங்க? மரத்த வாய வெச்சுக்கிட்டு சிரிக்காதீங்க, கன்னத்தக் கடிச்சுக்குவீங்க! சார்… புத்தகத்த விட்டுட்டுப் போறீங்களே! சார்! அந்தக் கொலைகாரன் யாருன்னாவது கேட்டுட்டுப் போங்க…