பேராசிரியர் வீரலட்சுமியும் தாயில்பட்டி நிலாக் கூட்டமும்

வைப்பாறு அறிவியல் மன்றத்தின் தலைவர் பெத்தணன் அவர்களே, மேடையில் இருக்கும் பொறுப்பாளர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த பேராசிரியர் வீரலட்சுமியின் தங்கை பாலம்மாள் அவர்களே, இன்றைய கூலியை விட்டுவிட்டுத் தாயில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் பைரோஜாவின் வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு திருத்தம். மனிதர்கள் மீண்டும் நிலவுக்குப் போக வேண்டும் என்று பேராசிரியர் வீரலட்சுமி சொல்லிவந்தபோது முதல் நாளிலிருந்தே அவருக்குத் துணை நின்றவள் என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். அது தவறு. நான் அவரை எதிர்த்தவள். மன்றத்தின் கூட்டங்களில் எழுந்து நின்று எதிர்த்தேன். வெளியே இன்னொரு பேச்சும் இருக்கிறது. தாயில்பட்டி நிலாக் கூட்டத்தை நிறுத்தச் சொன்னதே நான்தான் என்கிறார்கள். அதுவும் தவறு. எதிர்த்தது உண்மை, நிறுத்தச் சொன்னது பொய். இறந்தவரைப் பற்றி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டுமானால், என்னைப் பற்றிய தவறுகள் முதலில் நீங்க வேண்டும்.

யார் இந்த வீரலட்சுமி? தாயில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிய குடும்பத்தில் பிறந்து, இயற்பியல் படித்து, மகளிர் கல்லூரியில் பேராசிரியராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் ஓய்வெடுப்பார்கள். இவர் மன்றத்தின் தொலைநோக்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாதந்தோறும் சொந்த ஊருக்குப் போனார். வளர்பிறை எட்டாம் நாளைத்தான் தேர்ந்தெடுப்பார். முழுநிலவில் பள்ளமும் மேடும் தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நாளில்தான் நிழல் விழும் என்பார். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வந்த பெண்கள், விரல்களில் அலுமினியத் தூள் ஒட்டியிருக்க, பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இந்த ஆண்டு, 2009 பங்குனியில் நடந்த கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அய்யம்மாள், நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்:

"டீச்சர், அங்கன மனுசங்க போயி நடந்துட்டு வந்தாகன்னு சொல்றீக. பெறகு எதுக்கு ஒருத்தரும் போகல?"

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "கூலி கட்டுபடியாகியிருக்காது."

இன்னொரு குரல்: "ஒன்னய மாதிரி ஒருத்தி போயிருப்பா. தண்ணியில்லாத ஊர்ல குடித்தனம் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டுத் திரும்பியிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "லெச்சுமி, இவுகளுக்கு இப்ப வேண்டியது கையுறை. நிலா இல்ல."

அவர் கோபப்படவில்லை. "அக்கா, கையுறை கேட்டு பாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நடக்கிறதும் நாந்தானே? ரெண்டையும் கேக்க எனக்கு இருக்கது ஒரே வாய்தான். ஒண்ணைக் கேட்டா இன்னொண்ணு அடைபட்டுப் போகுமா?" என்றார்.

ஆலை அறைகளின் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் ஆலை ஆலையாகப் போய் வாதாடியவர் அவர். அவருடைய வாய் அடைபடவே இல்லை என்பதற்கு மன்றப் பொறுப்பாளர்களாக இந்த மேடையில் இருக்கும் ஆலை முதலாளிகளே சாட்சி.

என் பள்ளி கான்வென்ட். அங்கே விவாதப் போட்டியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. எதிராளியின் வாதத்தை, அவரே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். ஆகவே என் கேள்விகளை இங்கே சொல்கிறேன். கருவி போய்ப் பார்க்கக்கூடியதை மனிதர் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தும் ஏன் அனுப்ப வேண்டும்? ஒருமுறை போய் வந்தாயிற்றே, மறுபடியும் எதற்கு? இவை நல்ல கேள்விகள். இவற்றைக் கேட்டதில் எனக்கு வெட்கமில்லை. பதில் எங்கே கிடைத்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆடி மாதம் தாயில்பட்டியில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. பட்டாசுச் சரம் பின்னும் அறை ஒன்று வெடித்தது. அய்யம்மாளின் நாத்தனார் வெள்ளைத்தாய் அதில் போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். அவர்களுடைய வீட்டார் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அதற்கடுத்த மாதமே நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த நம் நாட்டு விண்கலத்தின் தொடர்பும் அறுந்தது. அந்த மாதம் நிலாக் கூட்டம் நடத்தலாமா என்று வீரலட்சுமி மன்றத்தைக் கேட்டார். சாவு விழுந்த ஊரில் நிலாக் காட்டுவது மரியாதையில்லை என்று பதில் வந்தது. வாய்வழிப் பதில். தொலைநோக்கி அலமாரிக்குள் போனது. அலமாரிச் சாவி மன்ற அலுவலகத்தில் இருக்கிறது.

பிறகு அந்த ஆலையைப் பழுது பார்த்துத் திறந்தார்கள். திறந்த நாளன்று என்னையும் கூட வரச் சொன்னார் வீரலட்சுமி. அதிகாரிகள் வந்து அளவெடுத்து, சோதித்து, சரியென்று கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனாலும் பெண்கள் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் கணவர் மறைந்த செய்யது அபுதாஹிர் இந்த ஆலைகளுக்கெல்லாம் லேபிள் அடித்தவர். ராக்கெட் பெட்டிக்கு நிலவின் படத்தை எங்கள் அச்சகம்தான் போட்டது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் சாப்பிட்டும் எனக்கு அந்த வழக்கம் தெரியாது.

வெடித்த அறையை மறுபடி திறந்தால் போர்மேன் முதலில் தனியாக உள்ளே போக வேண்டும். உட்கார்ந்து, முதல் சரத்தைத் தன் கையால் பின்னி, எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போவார்கள். போர்மேன் சங்கிலிமுத்து உள்ளே போனார். என் அருகில் நின்ற வீரலட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்தார், விடவில்லை. சங்கிலிமுத்து சரத்தோடு வெளியே வரும்போது கதவு முழுதாகத் திறக்காமல் பாதியில் நின்றது. வாசலுக்கு வெளியே புதிதாகப் போட்ட சிமென்ட் தரை ஓரத்தில் சற்று மேடாக இருந்தது. அவர் முழங்காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "கொத்தனாரைக் கூப்பிடுங்கப்பா. இதைச் செதுக்காம ஒரு ஆளும் உள்ள போகக்கூடாது" என்றார்.

நான் அய்யம்மாளிடம் கேட்டேன்: "ஆபீசருங்கதான் சரின்னு எழுதிட்டாங்களே, உங்களுக்கு அது போதாதா?"

"அவுக கொண்டாந்த மிஷின் என்ன பார்க்கச் சொன்னாகளோ அதைப் பார்த்திச்சு. எங்களுக்கு ஒரு ஆளு உள்ள உக்காந்து எந்திரிச்சு வரணும், அம்மா. பெறகு போவோம். போகாம இருந்தா, அந்த ரூம் செத்தவளுக்கு மட்டுமுன்னு ஆகிப்போகும்."

திரும்பி வரும் பஸ்ஸில் வீரலட்சுமி, வெம்பக்கோட்டை அணை கடந்த பிறகு சொன்னார்: "அக்கா, ஒங்க மூணு கேள்விக்கும் அய்யம்மா பதில் சொல்லிட்டா. நான் நாலு வருசமா சொல்லத் தெரியாம தவிச்சேன்."

ஆம். கருவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நிலவில் நீரின் தடயம் இருப்பதை நம் விண்கலத்துக் கருவிதான் காட்டியது. அந்தச் செய்தி புரட்டாசியில் வந்தபோது அய்யம்மாள் வீரலட்சுமிக்குப் போன் செய்து, "தண்ணி இருக்காம்ல டீச்சர், அப்ப குடித்தனம் போகலாம்" என்றாராம். ஆனால் கருவி நாம் கேட்டதற்குப் பதில் சொல்கிறது. நாம் கேட்கத் தெரியாததை அங்கே போய் நிற்கும் மனிதர்தான் காண்கிறார். மனிதர் நிலவுக்குப் போன கடைசிப் பயணத்தில், பாறையும் மண்ணும் ஆராயும் நிலவியலாளர் ஒருவர் சாம்பல் நிறத் தரையில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார். அதைத் தேடி யாரும் அவரை அனுப்பவில்லை. அங்கே நடந்தவர்களில் உயிரோடிருப்போர் அனைவரும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டியவர்கள் இன்னும் புறப்படவில்லை. விண்வெளிப் பயணத்தில் உயிரைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். போகாமல் நின்றுவிட்டால் அவர்கள் செய்த வேலை பாதியில் நிற்கிறது. ஆபத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் போவதுதான் அவர்களுக்கு மரியாதை. இதைத்தான் வீரலட்சுமி தாயில்பட்டியில் பேச விரும்பினார்.

பேச விட்டோமா? ஐப்பசியில் மறுபடி கேட்டார். விபத்து விசாரணை முடியட்டும் என்று பதில் வந்தது. மறுபடியும் வாய்வழிப் பதில். நிலவைப் பார்க்கும் கூட்டத்துக்கும் விசாரணைக்கும் என்ன தொடர்பு? நானே சொல்கிறேன். ஆலைப் பெண்கள் ஓரிடத்தில் கூடினால் கதவைப் பற்றியும் பேசுவார்கள், கையுறையைப் பற்றியும் பேசுவார்கள், வெள்ளைத்தாயைப் பற்றியும் பேசுவார்கள் என்ற அச்சம் சிலருக்கு. நியாயமான அச்சம்தான். பேசத்தான் செய்வார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

கார்த்திகை தொடக்கத்தில், கூட்டத்தில் படம் காட்டவென்று தைத்து வைத்திருந்த வெள்ளைத் திரையை மடித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் வீரலட்சுமியின் இதயம் நின்றது. இங்கே எனக்கு முன் பேசிய அனைவரும் அவர் பணியைத் தொடர்வோம் என்றார்கள். கைதட்டினோம். எந்தப் பணியை? எங்கே? எந்த நாளில்? ஒருவரும் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். தை மாதம் வளர்பிறை எட்டாம் நாள் மாலை, தாயில்பட்டி பள்ளி மைதானத்தில், மனிதர் மீண்டும் நிலவுக்குப் போக வேண்டும் என்ற உரையை நான் நிகழ்த்துவேன். நான் இயற்பியல் படித்தவள் அல்ல. ஆனால் எதிர்த்தவள் என்பதால் எதிர்ப்பு எதுவென்று எனக்குத் தெரியும். திரை என் வீட்டில் இருக்கிறது. சங்கிலிமுத்து நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அய்யம்மாள் முதலில் பார்ப்பார்.

தொலைநோக்கியும் மைதானத்துக்கான அனுமதிக் கடிதமும் மன்றத்திடம் இருக்கின்றன. தலைவர் அவர்களே, இரண்டையும் தருவீர்களா, மாட்டீர்களா? இல்லை என்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்கழி முடிவதற்குள், உங்கள் கையெழுத்துடன், எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.