ஒழிஞ்ஞு

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பால் காய்ச்சுவேன். இரண்டு டம்ளர் காப்பி கலந்து, ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைச் சிங்கில் கொட்டுவேன். ஒரு டம்ளருக்கு அளவாகக் கலக்க இன்னும் கை பழகவில்லை. ஏழு மணிக்கு மட்டாஞ்சேரியிலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒன்பதுக்குள் குவாரிப் பக்கம் போய்விடலாம். என் மனைவி ஸுப்ரியா இறந்த பதினான்காம் நாளே வேலைக்குப் போனேன். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஷபானா மேடம். விரிசல்களை யாராவது அளக்கவேண்டுமே.

பஞ்சாயத்து எங்கள் மூவரையும் நியமித்தது. குவாரிக்கு எதிரே நாற்பது வீடுகள். சுவர் விரிசல்களின்மேல் கண்ணாடிப் பட்டை ஒட்டி, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குன்றின் பின்பக்கப் பாறை இடுக்கில் ஒரு கொம்பன் ஆந்தை முட்டையிட்டிருந்தது. அதைக் கவனிக்க ஸுப்ரியாவும் நிகிலும். நிகில் திருப்பூணித்துறையில் பள்ளி ஆசிரியர். கயிறு கட்டிப் பாறையில் இறங்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவன்தான்.

அவர்களுக்குள் தப்பாக எதையும் நான் பார்த்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னோடு அவள் தமிழில் பேசியதெல்லாம் கேஸ் சிலிண்டர், பால், அம்மாவின் மாத்திரை. அவனோடு மலையாளத்தில் ஆந்தை, மழை, உலகம். மலையாளத்தில் அவள் சிரிக்கிற சத்தமே வேறு. நானும் கொச்சியில் பிறந்தவன்தான். என்னோடும் மலையாளம் பேசேன் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆத்துக்காரரோட யாராவது மலையாளம் பேசுவாளா? நேக்குச் சிரிப்பு வந்துடும்” என்றாள்.

சிரிப்பு வரட்டும் என்றுதான் கேட்டேன்.

வெடிக்கு முன் சைரன் மூன்று தடவை ஊதும். மூன்றாவதற்கு முன்னால் வெடிக்காரர் அனில் சேட்டன் என்னிடம் கேட்கவேண்டும் என்பது பஞ்சாயத்து வைத்த விதி. “வெங்கிடி சாரே, ஒழிஞ்ஞோ?” என்பார். நான் ஸுப்ரியாவுக்குப் போன் செய்து, பின்பக்கம் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு, “ஒழிஞ்ஞு” என்பேன். மலையாளத்தில் இடம் காலி என்று மட்டும்தான் பொருள். தமிழில் ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால் என்ன பொருள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

“தெனமும் யாருன்னா ஒழியறா? அனில் சேட்டனா?” என்று வீட்டில் கேலி செய்வாள். எங்கள் இருவருக்கும் மட்டுமாக இருந்த ஒரே வேடிக்கை அது. ஒருநாள் சாயாக் கடையில் அதையும் நிகிலுக்கு விளக்கிச் சொன்னாள். அவன் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். “எங்கில் சூக்ஷிக்கணமல்லோ, வெங்கிடி” என்று என் தோளில் தட்டினான். அப்படியானால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டுமே என்கிறான். நானும் சிரித்தேன்.

அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு இரண்டாவது சைரன் ஊதியது. போன் செய்தேன். பிறகு அனில் சேட்டன் கேட்டார். போனைச் சட்டைப் பையில் வைத்தேன்.

“சாரே, பறயூ. ஒழிஞ்ஞோ?”

“ஒழிஞ்ஞு” என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். நிகிலை நினைத்துச் சொன்னேன். அனில் சேட்டன் மலையாளத்தில் கேட்டுக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

பின்பக்கப் பாறை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. எல்லோரும் அங்கே ஓடினார்கள். நான் வீடுகளுக்குப் போய்ப் பட்டைகளைப் பார்த்தேன். பதினொன்று உடைந்திருந்தன. குறித்துக்கொண்டேன்.

அந்த நேரம் நிகில் திருப்பூணித்துறையில், பள்ளிக் கூட்டத்தில் இருந்தான். அது எனக்குப் பிறகுதான் தெரியும் என்று போன வாரம் எழுதிக் கொடுத்தேன். ஸுப்ரியா போனை எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தேன். நாற்பத்தொரு விநாடி பேசியதாக நீங்கள் காகிதத்தைக் காட்டுகிறீர்கள். சரி, எடுத்தாள். அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். வேறு எந்தப் புருஷனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவள் சொன்னது இவ்வளவுதான்:

“நிகில் இன்னிக்கி வரலை. கயிறு சிக்கிண்டுடுத்து, நேக்கு எறங்க முடியலை. வெடியை நிறுத்தச் சொல்லுங்கோ. வேற யாரையும் கூப்பிட வேண்டாம், நீங்க வந்தாப் போறும்.”