ரத்தப் பக்கம்

புதுச்சேரியில் ஒரு வீட்டைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை, ஐயா. ஒரே தெருவுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். கதவில் பழைய எண், புது எண். அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1971இல் நான் முகவரி டைரக்டரி போட ஆரம்பித்தேன். கடையோ டாக்டரோ வக்கீலோ, யாரைத் தேடினாலும் கலியமூர்த்தி டைரக்டரியைப் புரட்டினால் போதும். அதில் கிடைக்காததை என் ஆபீசுக்கே வந்து கேட்பார்கள்.

ஐந்து வருஷம் கழித்து அல்பேர் இன்னொரு டைரக்டரியோடு போட்டிக்கு வந்தார். வாத்தியார் வேலையை விட்டவர். சைக்கிளில் உழவர்கரை வரை போய், ஒவ்வொரு கதவையும் தட்டி, விசாரித்து, கார்டில் எழுதிக்கொள்வார். எப்போதும் வியர்வை நாற்றம், விரலெல்லாம் மசி. அவர் பக்கத்தில் உட்காரவே எனக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் அவர் புத்தகத்தில் பிழை இருக்காது. போதாததற்கு ஒரு புதுப் பக்கமும் சேர்த்தார். அரிய வகை ரத்தம் உள்ளவர்கள், கூப்பிட்டால் வந்து கொடுக்கச் சம்மதித்தவர்கள், அவர்களுடைய முகவரிகள். அதற்காகவே ஊர் அவர் பக்கம் சாய்ந்தது.

இரண்டு புத்தகத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"ஒங்க புக்குல யாரு விளம்பரம் குடுக்கறாங்களோ அவங்கதான் மொதல்ல வர்றாங்க. எனக்கு அது ஒத்து வராதுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டு பேருக்கும் ஒரே அச்சகம். அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அம்மாவாசைக்கு என்னிடம் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னேன். 1979 பதிப்பை அல்பேர் கடைசி முறை திருத்திக் கொடுத்த பிறகு, அவன் ஒரே ஒரு பக்கத்தில் முகவரிகளை மாற்றிக் கோத்தான். எந்தப் பக்கம் என்று யோசித்துத்தான் சொன்னேன். கடைக்காரன் தன் முகவரியைப் பார்த்த உடனே பிழையைக் கண்டுபிடித்துவிடுவான். ரத்தப் பக்கத்தை யாரும் சும்மா புரட்டுவதில்லை. தேவைப்படும் அன்றைக்குத்தான் பார்ப்பார்கள்.

ஆகஸ்டில் அந்த நாள் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு முருகையன் என்ற மில் தொழிலாளி என் ஆபீசுக்குள் ஓடி வந்தான். கையில் அல்பேர் புத்தகம்.

"சார், இந்த ஜாக்குன்றவரு வூடு எங்க சார்? தட்டாஞ்சாவடின்னு போட்டிருக்கு. போனா அங்க பூட்டுன பட்டறைதான் இருக்கு. எம் பொஞ்சாதிக்குப் புள்ள பொறந்து ரத்தம் நிக்கல சார். இந்த ரத்தந்தான் வேணுங்கறாங்க."

ஜாக் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் ஆபீசுக்குப் பின்தெருவில் மூன்றாவது வீடு. அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். பிழைத்துவிட்டால் அது வெறும் அச்சுப்பிழை. அச்சுப்பிழைக்காக யாரும் ஒரு புத்தகத்தைத் தூக்கி எறிவதில்லை.

"அது அல்பேர் போட்ட புக்குப்பா. அவரையே போய்க் கேளு" என்றேன்.

அவன் போன பிறகு பார்த்தால், மேசைக் கண்ணாடி முழுக்க அவன் வியர்வை சொட்டியிருந்தது. டெட்டால் ஊற்றித் துடைக்கச் சொன்னேன்.

அவன் பெண்டாட்டிக்கு வேம்பு என்று பெயராம். நாலு மணிக்கு முன்பே போய்விட்டாள்.

அல்பேர் சாவு வீட்டுக்குப் போய் முருகையன் காலில் விழுந்தார். தான் திருத்திக் கொடுத்த தாள்களை அச்சகத்தில் தேடினார். அம்மாவாசை அவற்றை ஏற்கெனவே அடுப்பில் போட்டிருந்தான். கடைசியில் தன் கண்தான் ஏமாற்றிவிட்டது என்று நம்பிவிட்டார். ஒரு மாதம் கழித்து, கார்டுப் பெட்டிகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இனிமே ஒரு வூட்டு நம்பர்கூட எழுத எனக்குக் கை வராதுங்க. எல்லாத்தையும் நீங்களே வச்சிக்குங்க."

இரண்டு நிறுவனங்களும் அப்படித்தான் ஒன்றாயின. நான் நிர்ப்பந்திக்கவில்லை. அவருக்குக் காப்பிகூட வரவழைத்துக் கொடுத்தேன்.

ஐந்து வருஷமாக ஊரில் ஒரே டைரக்டரிதான். அம்மாவாசை உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது அத்தனையும் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ஒன்றை அவன் சொல்லியிருக்க மாட்டான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் என் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்த ரத்தப் பக்கத்தையே எடுத்துவிட்டதுதான். இன்னொரு குடும்பத்துக்கு அப்படி நேர்ந்துவிடக் கூடாது இல்லையா.