முரளிக்கு இன்னும் பயம் வரவில்லை

முரளி: கட், கட்! சிஸ்டர், ஜாம்பி கன்னத்தைச் சொறியக்கூடாதுங்க.

வளர்மதி: நீங்க ஜவ்வரிசிக் கூழை மூஞ்சில பூசி வெயில்ல காய விட்டுப் பாருங்க. அப்பத் தெரியும்.

முரளி: அழுகுன தோலு உரிஞ்சு தொங்குறாப்பலயே இருக்குதுங்க. அம்சமா இருக்கு!

வளர்மதி: அம்சமா! ரத்தத்துக்கு வெல்லப்பாகு வேற. எறும்பு கழுத்து வரைக்கும் வந்தாச்சு. ஊசி போடப் போற ஊட்ல எல்லாம் கேக்குறாங்க, நர்ஸம்மா மேல ஏன் பணியார வாசம் அடிக்குதுன்னு.

பாவாயி: டேய் முரளி, இந்தப் போனை இன்னும் எந்நேரம்டா புடிச்சுட்டு நிக்கிறது? கை கடுக்குது. மொளகு பறிக்க ஆளுங்க வந்து ஏணியோட நிக்கிறாங்க.

முரளி: அம்மா, நீ கேமராமேன். கேமராமேன் பேசக்கூடாது.

பாவாயி: பெத்தவளைப் பேசக்கூடாதுங்கறான். நல்லா இருக்குதுடா உன்ற நாயம்.

வளர்மதி: விடுங்கம்மா. நானும் காத்தால இருந்து மொளகுக் கொடிக்குப் பின்னால இருந்து வந்துட்டே இருக்கேன். கதைப்படி இவரு என்னைப் பாத்துப் பயப்படணும். பயப்படுறாரா?

பாவாயி: எங்க? பல்லைக் காட்டறான்.

முரளி: அது… பயத்துல வர்ற சிரிப்பும்மா.

பாவாயி: உன்ற பயம் எனக்குத் தெரியாதா? கால்ல அட்டை கடிச்சதுக்கு ஊரைக் கூட்டுனவன் நீ.

வளர்மதி: கட்டிக்கப் போற பொண்ணு ஜாம்பியா மாறி வர்றா. அதைப் பாத்துட்டு, கல்யாண ஊட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறவராட்டம் நிக்கிறீங்க. அந்த ஜாம்பி காமெடிப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்தமே, என்னதான் கத்துக்கிட்டீங்க?

முரளி: எல்லாம் கத்துக்கிட்டேங்க. மொதல்ல சிரிக்க வைக்கணும். சிரிக்கிறப்ப ஆளு அசந்திருப்பான். அந்த நேரம் பாத்து அடிக்கணும்.

வளர்மதி: அப்புறம்?

முரளி: பேயைச் சீக்கிரம் காட்டக்கூடாது. எங்கியோ இருக்குதுன்னு மட்டும் தெரியணும்.

வளர்மதி: கடைசியா?

முரளி: பயம் பேயோட மூஞ்சில இல்லீங்க சிஸ்டர். அதைப் பாக்குறவன் மூஞ்சில இருக்குது. அவன் பயந்தாத்தான் சனம் பயப்படும்.

வளர்மதி: வாய் கிழியப் பேசுங்க. மூஞ்சில ஒண்ணும் வரக்காணோம். அது சரி, இத்தனை நாளா சிஸ்டர், சிஸ்டருங்கறீங்களே… எனக்குப் பேரு இல்லையா?

முரளி: ஊரே அப்படித்தானுங்க கூப்பிடுது.

பாவாயி: ஊரு கூப்பிட்டா நீயும் கூப்புடுவியாடா?

முரளி: அம்மா, போனை நேராப் புடி. கோயில் நோம்பி அன்னிக்கு நம்ம படத்தைப் பாக்க வாழவந்தி நாட்டுச் சனம் பூரா தெரை முன்னால வந்து உக்காருமுங்க. இந்த ஒரு ஷாட்டுதான் பாக்கி. அதுக்குள்ள நீங்க வேற…

வளர்மதி: நான் வேற?

முரளி: …திங்கக்கெழமை கெளம்புறீங்க.

வளர்மதி: ம். கரூருக்கு மாறுதல் வந்துருச்சில்ல.

முரளி: நல்லதுதானுங்க. சொந்த ஊரு. அப்பா அம்மா கூடவே இருக்கலாம். எனக்கு ரொம்ப சந்தோசம்.

பாவாயி: சந்தோசமாம். நேத்தெல்லாம் இவனுக்குச் சோறே எறங்கல.

முரளி: அம்மா! அது… வயித்து வலி.

வளர்மதி: வயித்து வலின்னா நர்சுகிட்டதான வரணும்?

முரளி: தானா சரியாப் போயிருங்க.

பாவாயி: எங்க போகுது…

முரளி: டேக் போலாம்! நடையை மறந்துராதீங்க. தலை ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்.

வளர்மதி: இருங்க. இந்த நடை அந்தப் படத்துல இல்லையே. எங்க புடிச்சீங்க?

முரளி: சொன்னாக் கோவிச்சுக்குவீங்க.

வளர்மதி: சொல்லுங்க.

முரளி: நீங்க வேலைக்குச் சேர வந்த அன்னிக்கு… செம்மேட்டுல பஸ்ஸை விட்டு எறங்குனீங்கல்ல? மலை ரோட்டுல எழுபது வளைவும் சுத்தி ஏறி வந்து. கையில ஒரு எலுமிச்சம்பழம். துப்பட்டா தலைமேல. கண்ணு எங்கியோ பாக்குது. நேரா வந்து என்ற மொளகு மூட்டை மேல உக்காந்தீங்க.

வளர்மதி: உக்காரலீங்க. விழுந்தேன்.

பாவாயி: விழுந்து, அது மேலயே வாந்தியும் எடுத்தீங்க கண்ணு. அந்த மொளகை அலசிக் காய வெக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு.

வளர்மதி: ஐயோ, மானமே போச்சு! அன்னிக்கு எறங்குன கையோடதான் மாறுதல் கேட்டேன். இந்த மலைக்கு இனி ஒருக்கா ஏற மாட்டேன்னு.

முரளி: ஹஹ்ஹா… நெசமாலுமே நான் பயந்தேங்க அன்னிக்கு! கடிச்சுப்போடுவீங்களோன்னு…

வளர்மதி: சிரிங்க. நல்லாச் சிரிங்க. ஏனுங்கம்மா, போன் ஓடுதா?

பாவாயி: ஓடுது கண்ணு. செவப்புப் பொட்டு எரியுது.

வளர்மதி: முரளி… ஒண்ணு சொல்லணும். திங்கக்கெழமை இல்லீங்க.

முரளி: எது?

வளர்மதி: இன்னிக்கே கெளம்புறேன். பொட்டி கட்டியாச்சு. ஹாரன் கேக்குதுங்களா? பஸ்ஸு வந்துட்டிருக்கு.

முரளி: வெளையாடாதீங்க சிஸ்டர்.

வளர்மதி: மூஞ்சி கழுவக்கூட நேரமில்ல. போற வழியில காளப்பநாயக்கன்பட்டியில கழுவிக்கறேன். வாரேனுங்க.

முரளி: இல்ல… இருங்க. இந்தக் கோலத்துல எப்படி… ஷாட்டு பாக்கி இருக்குது…

வளர்மதி: வேற ஆளை வெச்சு எடுத்துக்கங்க. ஜவ்வரிசி பூசுனா எல்லாரும் ஒண்ணுதான்.

முரளி: ஒண்ணு இல்ல.

வளர்மதி: வழி விடுங்க, பஸ்ஸு போயிரும்.

முரளி: ஒண்ணு இல்லீங்க… வளர்மதி! வளர்மதி, போகாத!

பாவாயி: பயம் வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு! மூஞ்சில பொட்டு ரத்தமில்ல.

வளர்மதி: டேக் ஓகே.

முரளி: என்னது?

வளர்மதி: மொதல்ல சிரிக்க வைக்கணும். அசந்த நேரம் பாத்து அடிக்கணும். பயம் பாக்குறவன் மூஞ்சில இருக்கணும். சரியாப் படிச்சிருக்கேனுங்களா?

முரளி: அப்ப… அந்த ஹாரன்?

பாவாயி: அது நம்ம கருப்பண்ணன் மரவள்ளி லாரிடா. தெனமும்தான் அடிக்கிறான்.

முரளி: அப்ப திங்கக்கெழமைதானா?

வளர்மதி: மாறுதல் வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேனுங்க.

முரளி: போன வாரமா! ஒரு வார்த்தை…

வளர்மதி: பேயைச் சீக்கிரம் காட்டக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?

முரளி: அம்மா, இது உனக்கும் தெரியுமா? தெரிஞ்சுட்டேவா நான் சோறு எறங்காம கெடந்ததை வேடிக்கை பாத்த?

பாவாயி: கேமராமேன் பேசக்கூடாதுன்னு சொன்னது நீதானடா.

வளர்மதி: போனை எறக்கிராதீங்க அத்தை. பயம் போயி மறுபடியும் பல்லைக் காட்டறாரு பாருங்க… அதையும் எடுத்து வெச்சுக்கலாம்.