'உள்ளேன் ஐயா' வகுப்பின் மேஜர் அம்மையாருக்கு

"துப்பாக்கி பிடிச்ச கைக்கு சாக்பீஸ் பிடிக்குமா மேடம்?"

பதினோரு ஆண்டுகளுக்கு முன், தாங்கள் இந்தக் காலைப் பள்ளியின் படியேறிய முதல் நாளில், எங்கள் எழுத்தர் தங்களிடம் கேட்ட கேள்வி இது. கேட்டதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். தாங்களோ மேசைமேல் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்தீர்கள். "துப்பாக்கியைப் பிடிச்சேன், ஆனா அது எனக்குப் பிடிச்சதில்ல. இதைக் கையும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்" என்றீர்கள்.

மேஜர் அம்மையாரே! படைக்குப் பாடம் சொன்ன பண்பாளரே! சிரிக்கவைத்தே சிந்திக்கவைத்த சீர்மிகு தலைமையே! இன்னும் எழுத ஆசைதான். ஆனால் அடைமொழி என்பது "சம்பளம் ஏறாத பதவி உயர்வு" என்று தாங்கள் சொல்லியிருப்பதால், இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் படையின் கல்விப் பிரிவில் இருந்தீர்கள். குளிர் உறையும் முகாம்களில், எழுதத் தெரியாத வீரர்களுக்கு எழுத்து சொல்லித்தந்தீர்கள். சமையற்கூடத்துச் சிப்பாய் ஒருவர் தம் தாய்க்கு எழுதிய முதல் கடிதத்தில் "நான் நலம்" என்பதோடு முடித்துவிட்டாராம்.

"காலையில என்ன சமைச்சே?" என்று கேட்டீர்கள்.

"நீங்கதான் சாப்பிட்டீங்களே சார்."

"நான் சாப்பிட்டேன்யா. உங்கம்மா சாப்பிட்டாங்களா? எழுது."

அந்தக் கடிதம் நான்கு பக்கம் போனது. உப்பு கூடிவிட்டது என்று மேஜர் முகம் சுளித்ததும் அதில் இருந்ததாம்.

எங்கள் மாணவர்களைத் தாங்கள் முதன்முதலில் பார்த்த காலையும் மறக்கக்கூடியதா? கொத்தனார், தையற்காரர், பேருந்து நடத்துநர், வீட்டுவேலை செய்பவர் என்று முப்பத்துமூன்று பேர், வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் படிக்க வருபவர்கள், எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். தாங்கள் படை வழக்கப்படி பெயரை விட்டு எண்ணை அழைத்தீர்கள். முன்பிருந்த ஆசிரியரின் பழக்கத்தில் அத்தனை பேரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள். கொத்தனார் பதறி எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

"இருக்கட்டும்யா. பட்டாளத்துலயும் என்னை சார்னுதான் கூப்பிட்டாங்க. இப்போ போய் அம்மான்னா, வேற யாரையோ கூப்பிடுறீங்கன்னு நானே திரும்பிப் பாப்பேன்."

அன்றிலிருந்து இந்த வகுப்பில் அதுவே சட்டம்.

விடைபெறும் தங்களுக்கான வாழ்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அடுத்து வருவதை வாசித்தபின் எங்கள் குரல் ஒத்துழைக்குமா தெரியவில்லை. முழங்கால் வலி தங்களிடம் விடைபெறாமலே ஓடிப்போகட்டும். கண்ணும் காதும் குறும்பும் குறையாமல், தாங்கள் நெடுங்காலம் நிமிர்ந்து நடக்க வேண்டும்.

இனி, அந்த முப்பதாம் நாள்.

இருபத்தேழாம் எண்ணுக்குரியவர் ஒரு தையற்காரப் பெண். மூன்றாண்டு படித்து, தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, அவருடைய கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தார். மனைவி மருத்துவமனையே கதியென்று கிடந்தார். தொடர்ந்து முப்பது நாள் வராதவரின் பெயரை அடித்துவிட வேண்டும். பெயர் அடிபட்டால் தேர்வு இல்லை. இருபத்தொன்பது நாள் ஓடிவிட்டது. சிவப்புக் கோடு போட வேண்டியவர் எங்கள் எழுத்தர்.

அவருக்குக் கை வரவில்லை. முந்தைய மாலையே அந்தப் பெண்ணின் நாத்தனாரைத் தனியே அழைத்தார். "அண்ணிக்குப் பதிலா நீ வந்து உக்காரும்மா. பதிவு எடுக்கும்போது மேஜர் தலையைத் தூக்க மாட்டாங்க. மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம், இருபத்தேழு." எல்லாம் சொல்லிக்கொடுத்தார், ஒன்றைத் தவிர.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அலுவலகத்து ஆய்வாளர் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். ஓரத்து நாற்காலியில் இருந்த எழுத்தர் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு பேரும் "உள்ளேன் ஐயா" என்று முடித்தார்கள்.

"இருபத்தேழு."

"உள்ளேன் அம்மா."

வகுப்பே ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தது. ஆய்வாளர் மட்டும் மகிழ்ந்துபோனார். "பரவாயில்லையே! இத்தனை பேர்ல இந்தம்மா ஒருத்தங்கதான் சரியாச் சொல்றாங்க."

தாங்கள் தலையைத் தூக்கினீர்கள். "சரியாச் சொன்னதாலதான் சார் மாட்டிக்கிட்டாங்க. இவங்க இருபத்தேழு இல்ல, இருபத்தேழோட நாத்தனார்."

நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"யாரு இவங்களை வரச் சொன்னது?" என்றார் ஆய்வாளர். எழுத்தர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் தாங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"இங்க நடக்கிற எதுக்கும் நான்தான் பொறுப்பு. எழுதிக்கோங்க."

அவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். தாங்கள் வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எல்லாரும் எழுந்திருங்க. மிச்சப் பதிவு ஆஸ்பத்திரியில" என்றீர்கள்.

"இதுக்கு விதி இருக்கா?"

"பதிவை வகுப்புல எடுக்கணும்னு விதி இருக்கு சார். வகுப்பு எங்க இருக்கணும்னு இல்ல."

மருத்துவரிடம் அரைமணி நேர அனுமதியைத் தாங்கள் முந்தைய நாளே வாங்கி வைத்திருந்ததும், நாத்தனாரை அங்கே பார்த்திருந்ததும் வழியில்தான் எழுத்தருக்குத் தெரிந்தன. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்று முனகினார்.

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

பொய்யை ஒரு நொடியும் பொறுக்காதவர், பொய் சொன்னவரை இப்படிப் பொறுத்துக்கொள்வாரா என்று வியந்தபடி, எழுத்தர் நடந்த தெரு தெரியாமல் நடந்தார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முப்பத்திரண்டு பேரும் சுவரோரம் சத்தமில்லாமல் வரிசையாக நின்றார்கள். பின்னாலேயே வந்த ஆய்வாளர் வரிசையின் கடைசியில் நின்றார். தாங்கள் தணிந்த குரலில் "இருபத்தேழு" என்றீர்கள். கையில் ஈரத்துண்டோடு கட்டிலருகிலிருந்து வெளியே வந்த பெண், "உள்ளேன்" என்றார். மேற்கொண்டு ஐயாவும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை. தாங்கள் குறியிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னக்கணக்கைத் தொடங்கினீர்கள்.

பாடம் முடிந்ததும் ஆய்வாளர் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கினார். எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். பேனா உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது, தாங்கள் இட்ட குறிக்குப் பக்கத்தில் ஆய்வாளரின் கையெழுத்து இருந்தது. காலையில் எழுதிய தாளை அவர் நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே அந்தப் பெண்ணின் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் குனிந்து, கிறீச்சிடும் தம் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வணக்கத்துடன்,
காலைப் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்