கேட் அக்கா சொல்லிக்கொடுத்தது

உங்கள் அறை எனக்குப் பிடித்திருக்கிறது, மேடம். ஜன்னல் இருக்கிறது, வெளியே ஒரு மரம் தெரிகிறது. எங்கள் ஆய்வகத்தில் ஜன்னலே கிடையாது. சாயம் ஏற்றிய செல்லுக்கு வெளிச்சம் ஆகாது, மெஷினுக்குச் சூடு ஆகாது. அதனால் இத்தனை வருஷமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். "உன்னைவிட அந்த மெஷினுக்குத்தான் ஆஸ்பத்திரியில் மரியாதை" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் விளையாட்டாகத்தான் சொல்வார்.

இந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். மெஷின் எங்கே தப்புச் செய்தது என்று சாதாரண ஆளுக்குப் புரிகிறமாதிரி விளக்கச் சொன்னீர்கள். விளக்குகிறேன். அதற்கு முதலில் எங்கள் வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்து அனுப்புவார்கள். அதிலிருக்கும் செல்களுக்குச் சாயம் ஏற்றி மெஷினுக்குள் விட்டால், டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கிற ஜனம் மாதிரி அவை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். ஒவ்வொரு செல்லும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளியாக விழும். ஒரே சாதிச் செல்கள் ஒரே இடத்தில் கும்பலாகச் சேரும். அந்தக் கும்பலைச் சுற்றி மவுஸால் ஒரு கோடு இழுத்து மூட வேண்டும். நாங்கள் அதை கேட் என்போம். நீங்கள் வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலிக்குள் விழுகிறதோ, அதுதான் அந்தச் செல்லுக்குப் பெயர். அந்த வேலி போடுவதில் எனக்குப் பேர் உண்டு. டாக்டர்கள் முதல் துப்புரவு செய்கிறவர்வரை எல்லோருக்கும் நான் கேட் அக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

இதில் புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. ரத்தப் புற்றுக்கு மருந்து கொடுத்தபிறகு மஜ்ஜை மறுபடி துளிர்க்கும். புதிதாகப் பிறந்த நல்ல செல்கள் கூட்டமாக வரும். இளஞ்செல்கள் என்று சொல்வோம். மிச்சம் ஒளிந்திருக்கிற நோய்ச் செல்களுக்கும் கிட்டத்தட்ட அதே முகச்சாடை. பார்த்தால் கூடப் பிறந்ததுகள் மாதிரி இருக்கும். திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு நகக்கண் இடைவெளிதான். கற்றுக்குட்டிகள் இளஞ்செல்லுக்கான வேலியை அகலமாகப் போட்டுவிடுவார்கள். நோயும் சேர்ந்து உள்ளே போய் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். நானும் ஆரம்பத்தில் அப்படிப் போட்டுத் திட்டு வாங்கியவள்தான். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

அப்புறம்தான் சின்ன டாக்டர் எங்களுக்குத் தலைவராக வந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்கிற தனிச்செல் ஆய்வு வெளியூரில் படித்தவர். நாங்கள் இரண்டு நிறத்தை வைத்துப் பார்ப்பதை அவர் எல்லா நிறத்தையும் ஒரே சமயத்தில் வைத்துப் பார்ப்பார். அதற்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். வேலியெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நரைத்த தலையோடு நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் புரோகிராமுக்கும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமே. பழைய நோயாளிகளின் கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நான் வேலி போட்டுக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும் என்றார்.

"உங்க கைய அப்படியே அதுக்குக் கத்துக்கொடுத்திடுங்கக்கா. நீங்க ரிட்டயர் ஆனாலும் உங்க கை இங்கயே இருக்கும்."

அவர் மனசாரப் பாராட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது என் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரர் கேட்டார். வலிக்கிறது என்றேன்.

கற்றுக்கொடுத்தேன். மழைக்காலம் முழுக்க அதே வேலை. முதலில் ஒழுங்காகத்தான் போட்டேன். பிறகு இளஞ்செல் வேலியின் இடது ஓரத்தை, நோய்ச் செல்கள் நிற்கிற பக்கமாக, ஒரு மயிரிழை வெளியே தள்ளினேன். அடுத்ததில் இன்னொரு மயிரிழை. ஒரேயடியாகத் தள்ளினால் அது குழம்பும், அவரும் கண்டுபிடிப்பார். நிதானமாகச் செய்தேன். கடைசியில், ஆரம்பத்தில் ஒழுங்காகப் போட்டவற்றையும் திறந்து அதே அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அப்புறம் பரீட்சை வைத்தார்கள். புரோகிராம் போட்ட வேலியையும் நான் போட்ட வேலியையும் ஒப்பிட்டார்கள். என் கையோடு என் கையை ஒப்பிட்டால் பொருந்தாமல் எங்கே போகும்? எல்லோரும் கை தட்டினார்கள். சின்ன டாக்டர் கேக் வாங்கி வந்து முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். யாராவது ஒருவருக்கு நோய் திரும்பும், புரோகிராம் மூக்குடைபடும், வேலி மறுபடி என் கைக்கு வரும். அந்த யாராவது யார் என்று நான் தேடிப் பிடிக்கவில்லை. அது அதுவாக அமைந்தது.

சாம்பிள் வேன் ஓட்டுகிறவரைச் சொல்கிறேன். அவருக்கே ரத்தப் புற்று வந்து, மருந்து முடித்து, மறுபடி வேலைக்கு வந்திருந்தார். சில மாதத்துக்கு ஒரு தடவை அவர் மஜ்ஜையும் எங்களிடம் வரும். அவரே வேனில் கொண்டுவருவார். "இதுல ஒண்ணு நம்ம வீட்டுச் சரக்கு, பாத்து எறக்குங்க" என்று பெட்டியை நீட்டுவார். ஆய்வகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். எனக்கும் அவரைப் பிடிக்கும்.

புரோகிராம் வந்தபின் அவருடைய முதல் சாம்பிளுக்கு நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. புரோகிராம் சொல்வதை நான் ஒரு தடவை சரிபார்த்துத்தான் வெளியே அனுப்புவேன். திறந்து பார்த்தேன். இளஞ்செல் கும்பலுக்கு இடப்பக்கம், அந்தத் தள்ளிப்போட்ட ஓரத்தில், ஒரு சின்னக் குழு தனியாக ஒதுங்கி நின்றது. என் பழைய வேலியாக இருந்தால் அது வெளியே நின்று மாட்டிக்கொண்டிருக்கும். அன்று மாலை அவர் வாசலில் காத்திருந்தார்.

"மிஷின் சொல்றது கெடக்கட்டும்க்கா. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சரி. நீங்க பாத்தா எனக்குப் போதும்."

இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று அவரைப் பார்க்கிற டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மகள் கடலையே பார்த்ததில்லை, கூட்டிப்போகப்போகிறேன் என்றார். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றேன். போய்வந்து எனக்கு ஒரு சிப்பி கொண்டுவந்து கொடுத்தார். இப்போதும் மெஷின்மேல்தான் இருக்கிறது.

அடுத்த சாம்பிளில் அந்தக் குழு நன்றாக வளர்ந்திருந்தது. சின்ன டாக்டர் கவனிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. என் கை போட்ட வேலி என்று நம்பிக்கொண்டிருந்தார். நானும் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். அதற்கு அடுத்த தடவை பெட்டியை வேறொரு டிரைவர் கொண்டுவந்தார். பழையவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மூக்கில் ரத்தம் வந்து வேனை ஓரங்கட்டினாராம். வார்டில் சேர்த்திருந்தார்கள். அப்போது நோய் எந்த வேலியாலும் மறைக்க முடியாத அளவுக்குத் திரை முழுக்கப் பரவியிருந்தது. இரண்டாவது தடவை கொடுத்த மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை. போன மாதம் போய்விட்டார்.

சின்ன டாக்டர் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தார். வேலியை அழித்தாலும் புள்ளி அழியாது, மேடம், அது எங்கள் வேலையில் ஒரு வசதி. எல்லாம் அங்கேயே இருந்தது. அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "என் புரோகிராம் கொன்னுடுச்சுக்கா" என்று அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் குறுக்கே பேசத் தோன்றவில்லை.

பிறகு ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நேற்று விசாரணை தொடங்கியதிலிருந்து நீங்கள் எல்லோரும் அந்தப் புரோகிராமுக்கு அறிவில்லை, அது சரியாகக் கற்கவில்லை என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அது என் காதில் நாராசமாக விழுகிறது. அது அட்சரம் பிசகாமல் கற்றது. அவ்வளவு நல்ல மாணவரை நான் பார்த்ததில்லை. தப்பாகக் கற்றுக்கொடுத்தது நான். தெரிந்தேதான் கொடுத்தேன்.

காரணம் வேண்டுமானால் அதையும் சொல்கிறேன். புரோகிராம் என்னிடம் கற்கிறதற்கு முன்னால், சும்மா ஒரு வெள்ளோட்டமாக, சின்ன டாக்டர் அதைப் பழைய கோப்புகளில் ஓடவிட்டார். கும்பல்களைப் பிரித்துக் காட்ட அதற்கு அப்போதே தெரியும், எதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியாது. நோய் இல்லை என்று நான் எப்போதோ ரிப்போர்ட் கொடுத்த ஓர் அம்மாளின் கோப்பில், நான் விட்டுவிட்ட ஒரு சிறு கும்பலை அது கண்டுபிடித்தது. அந்த அம்மாளுக்குப் பிற்பாடு நோய் திரும்பியிருக்கிறது. சின்ன டாக்டர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லலக்கா. யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க." சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். தட்டிக்கொடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த இடம் எரிகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். வேன்காரர் ஒருவர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அந்த வேலி எல்லோருக்கும் பொது. மழைக்காலத்துக்குப் பிறகு நோய் இல்லையென்று போன கோப்புகளை எல்லாம் திறக்க வேண்டியிருக்கும். வேண்டுமானால் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுக் கொடுக்கிறேன். என்னைவிட்டால் உங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்றே ஒன்று. நான் வேன்காரரிடம் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்த்தீர்களா என்றுதான் கேட்டார். பார்த்தேன் என்றேன். என்ன பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை.