ஓடையில் இல்லாத பாலம்

நிஷாந்தி: உங்க கணக்குப் பாடத்துல நான் மூக்க நுழைச்சனா சார்? அப்பறம் எதுக்கு எங்க பிள்ளைங்க போடுற மேப்ப நிப்பாட்டணும்னு ஸ்கூல் அதிபர்கிட்ட சொன்னீங்க?

யோகேஸ்வரன்: ஆரும் வந்து கீறலாமெண்டா அது மேப் இல்லை, நிஷாந்தி. குப்பை. கம்ப்யூட்டர் பாடமெண்டு சொல்லி பிள்ளையளைக் கொண்டு இன்ரநெற்றில குப்பை கீறுவிக்கிறீர்.

நிஷாந்தி: குப்பையா... தோட்டத்து ஆபீஸ் செவுத்துல தொங்குதே, அதுதான் நல்ல மேப்போ. தேயில மலைக்கெல்லாம் நம்பர் இருக்கு. நாங்க வரிசையா குடியிருக்கிற லயத்து வீடுங்க எங்க சார் இருக்கு அதுல?

யோகேஸ்வரன்: அதுக்கெண்டு படிச்ச ஆக்கள் இருக்கினம்...

நிஷாந்தி: இருக்காங்க. ஒருத்தராவது வந்தாங்களா? எங்க வீட்டுக்கு நம்பர் கெடயாது, பாதைக்குப் பேரு கெடயாது. கடுதாசி வந்தா ஆபீசுலதான் கெடக்கும். எங்க பிள்ளைங்க போனக் கையில வச்சிக்கிட்டு லயம் லயமா நடந்து போட்ட மேப்பு இது. யாரு வேணாலும் சும்மா பாக்கலாம். பிழைன்னா திருத்தலாம்.

யோகேஸ்வரன்: அதைத்தான் சொல்லுறன். போன கிழமை உங்கட மேப்பில கீழ் லயத்து ஓடைக்கு மேல ஒரு பாலம் நிண்டது. அங்க பாலம் இருக்கோ?

நிஷாந்தி: இல்ல.

யோகேஸ்வரன்: பாத்தீரே. ஆராவது நம்பிப் போயிருந்தா?

நிஷாந்தி: போனாங்க சார்.

யோகேஸ்வரன்: ...ஆர்?

நிஷாந்தி: ஆம்புலன்ஸ். எங்க அக்கா மீனம்மாவ ஏத்த வந்துச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டி. இந்தப் பக்கம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துல, வலியோட அக்கா. வண்டி சுத்தி வர்றதுக்குள்ள அங்கயே பொறந்திருச்சு.

யோகேஸ்வரன்: ஐயோ... பிள்ளை?

நிஷாந்தி: இருக்கு. ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள.

யோகேஸ்வரன்: அப்ப... அப்ப நான் சொன்னது சரிதானே. ஆரோ ஒரு விசரன்...

நிஷாந்தி: இருங்க, நான் முடிக்கல. அந்தப் பாலத்த அன்னைக்கே அழிச்சாச்சு. நான் இல்ல, பிள்ளைங்களும் இல்ல. அந்த டிரைவரு. காலி ஊர்ப் பக்கத்து சிங்கள அண்ணன். அக்காவ எறக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு போன்ல அழிச்சிருக்காரு, அடுத்த வண்டி ஏமாறக்கூடாதுன்னு. யாரு அவர அழிக்கச் சொன்னா? இதயா குப்பைங்கிறீங்க?

யோகேஸ்வரன்: அவர்தான் அழிச்சவரெண்டு உமக்கு எப்பிடி...

நிஷாந்தி: யாரு போட்டா, யாரு அழிச்சா, எல்லாம் பேரோட அதுலயே நிக்கும் சார். ஒளிவு மறைவு கெடயாது. எங்க லயத்த விட்டுட்டு மேப்பு போட்டது யாருன்னு ஆபீசுல கேட்டா பேரு சொல்லுவாங்களா?

யோகேஸ்வரன்: பேரோடயோ...

நிஷாந்தி: பேரோடதான்.

யோகேஸ்வரன்: ...நிஷாந்தி. பிழை வருமெண்டு அதிபருக்குக் காட்டத்தான் அந்தப் பாலத்தை நான் கீறினனான். அடுத்த நாளே அழிப்பமெண்டுதான்...

நிஷாந்தி: தெரியும் சார். போட்டது யாருன்னு அக்கா தெனம் கேக்குது. ஒளிவு மறைவு இல்லன்னு உங்ககிட்ட கத்துற நான்தான், அதுகிட்ட உங்க பேர மறைச்சு வச்சிருக்கேன். வாங்க, நீங்களே சொல்லுங்க.